சைக்கிளுக்குக் கேஸ் இல்லையா? பாதி உண்மை, முழு ஆபத்து!

மது அருந்திவிட்டு சைக்கிள், மொபட், டிராக்டர் ஓட்டினால் சட்டம் என்ன சொல்கிறது? விபத்து நடந்தால் இழப்பீடு கிடைக்குமா?

'என்ற வூட்டுக்காரரு சாயங்காலமானா ஆர்.எஸ்.புரத்துல வாடிக்கை வீடுகளுக்குக் கீரையும் கறிவேப்பிலையும் சைக்கிள்ல கொண்டுபோய் குடுத்துட்டு வருவாருங்க. அன்னிக்கு வர்ற வழியில குடிச்சுட்டாருங்க. மருதமலை ரோட்டுல ஓரமாத்தான் வந்திருக்காரு. பின்னால வந்த வேன் இடிச்சு, தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப வாயில மது வாடை இருந்துதுன்னு எழுதிட்டாங்க. "குடிச்சுட்டு சைக்கிள் ஓட்டுனது உங்க தப்பு, கேஸுக்குப் போனா உங்க ஆளைத்தான் உள்ள வெப்பாங்க. இருபதாயிரம் வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னு வேன்காரங்க சொல்றாங்க. சொந்தக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமுங்களா?'

தொண்டாமுத்தூர் வட்டாரத்திலிருந்து வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. உங்கள் கணவர் குடித்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக, இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ஏன் என்பதை விளக்கமாகவே பார்த்துவிடுவோம். ஏனென்றால், ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைப் பக்கம் டீக்கடையில் நின்றால், இதற்கு நேர்மாறான இன்னொரு பேச்சும் காதில் விழும். 'வண்டியில போனாத்தானுங்க ஊதச் சொல்றாங்க, சைக்கிளுக்கெல்லாம் கேஸு கிடையாதுங்க' என்பார்கள். ஒரு பக்கம் சைக்கிள்காரருக்கு உரிமையே இல்லை என்று மிரட்டல். மறுபக்கம் சைக்கிள்காரரை எந்தச் சட்டமும் தொடாது என்ற தைரியம். இரண்டுமே தவறு.

ஊதச் சொல்லும் சட்டம் யாருக்கு?

வாகனச் சோதனையில் கருவியை நீட்டி ஊதச் சொல்வது, 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி. அதன் 185-வது பிரிவுதான் குடிபோதையில் வாகனம் ஓட்டுவதற்கானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் ஆபத்து உண்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஓட்ட முயற்சி செய்தாலே போதும்.

இந்தப் பிரிவில் 'மோட்டார் வாகனம்' என்றுதான் இருக்கிறது. இயந்திர சக்தியால் ஓடுவதைத்தான் சட்டம் மோட்டார் வாகனம் என்கிறது. காலால் மிதிக்கும் சைக்கிளும், மாடு இழுக்கும் வண்டியும் அதில் வராது. ஆகவே சாதாரண சைக்கிளில் போகிறவர்மீது 185-வது பிரிவில் வழக்குப் போட முடியாது. டீக்கடைப் பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

எது சைக்கிள், எது வண்டி?

இங்கேதான் பல விவசாயிகள் ஏமாந்துபோகிறார்கள். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

* மிதிவண்டி, மாட்டுவண்டி: மோட்டார் வாகனம் அல்ல. 185-வது பிரிவு பொருந்தாது.

* மொபட்: 'சைக்கிள் மாதிரிதானே' என்று சிலர் நினைக்கிறார்கள். நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில், 25 சி.சி-க்கு மேற்படாத இன்ஜின் இருந்தால்தான் விலக்கு. கீரைக் கட்டும் பால் கேனும் கட்டிக்கொண்டு போகிற டி.வி.எஸ் மொபட்கள் அந்த அளவைத் தாண்டியவை. அவை மோட்டார் வாகனங்களே.

* பேட்டரி சைக்கிள்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் கீழும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பழைய சைக்கிளில் அதிகத் திறன் கொண்ட மோட்டார் கிட்டை மாட்டி ஓட்டினால் இந்த விலக்கு கிடைக்காது.

* டிராக்டர்: சந்தேகமே வேண்டாம், மோட்டார் வாகனம்தான். 185-வது பிரிவில் 'பொதுச் சாலையில்' என்ற சொல்லே கிடையாது. 'எங்க தோட்டத்துத் தடத்துல ஓட்டுறேன், யாரு கேப்பாங்க' என்பது சட்டப்படி எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. குடித்தவரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, 'போய்ட்டு வா' என்று அனுப்புகிறவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். 2022-ல் சென்னைப் போக்குவரத்து போலீஸார், குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்மீதும் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது இந்தப் பிரிவின்படிதான்.

சைக்கிளையும் பிடிக்கும் சட்டங்கள்

நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் சைக்கிளுக்கு நகராட்சி வில்லை வாங்க வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தக் கெடுபிடியெல்லாம் போய்விட்டது. அதனால், சைக்கிளுக்குச் சட்டமே இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆனால், மோட்டார் வாகனச் சட்டம் விட்டாலும் மற்ற சட்டங்கள் விடுவதில்லை.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 281-வது பிரிவு, பொதுப்பாதையில் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி தாறுமாறாக 'எந்த வாகனத்தை' ஓட்டினாலும் குற்றம் என்கிறது. இங்கே 'மோட்டார்' என்ற சொல் இல்லை. சைக்கிளும் வரும், மாட்டுவண்டியும் வரும். 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

குடித்துவிட்டு சைக்கிளில் வந்து, சாலையைக் கடக்கும் மூதாட்டிமீது மோதிவிட்டால் என்ன ஆகும்? அவருக்குக் காயம் என்றால் 125-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். எலும்பு முறிவு போன்ற கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டிலும் சிறை, அபராதம் இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். உயிரே போய்விட்டால் 106-வது பிரிவு. அதில் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'குடிபோதையில் இருந்தேன், என்ன செய்தேன் என்று தெரியவில்லை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தானாக விரும்பிக் குடித்தவருக்குச் சட்டம் அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை.

யார்மீதும் மோதவில்லை, ஆனால் போதையில் ரகளை செய்கிறார் என்றால், 355-வது பிரிவு இருக்கிறது. 24 மணி நேரம் வரை வெறுங்காவல் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறைக்குப் பதில் சமூக சேவை செய்யச் சொல்லவும் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. பழைய சட்டத்தில் இதற்கு அபராதம் 10 ரூபாய்தான்.

இவை போக, 1937-ம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கடையில் விற்பது அரசே என்றாலும், பொது இடத்தில் போதை நிலையில் காணப்படுவதை அந்தச் சட்டத்தின் 4-ஏ பிரிவு குற்றம் என்கிறது. கோவை மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் சட்டத்தின் 75-வது பிரிவும் சேரும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடப்பதற்கான பிரிவு அது. ஸ்டேஷன் வாசலில் 'செவன்ட்டி ஃபைவ் கேஸ்' என்று பேசிக்கொள்வது இதைத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், சைக்கிள்காரரை ஊதச் சொல்லி 10,000 ரூபாய் அபராதம் போட முடியாது. ஆனால், அவர் நடந்துகொண்ட விதத்துக்கும், அவரால் ஏற்பட்ட சேதத்துக்கும் முழுப் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது.

வெளிநாடுகளில்...

சில நாடுகள் சைக்கிளையும் நேரடியாகவே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. ஜப்பானில் 2024 நவம்பர் 1 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். குடித்தவருக்கு சைக்கிள் கொடுத்தவரும் தப்ப முடியாது. ஜெர்மனியில் சைக்கிள்காரருக்குத் தனி அளவே இருக்கிறது. ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு ஆல்கஹாலைத் தொட்டால் குற்றம்.

பிரிட்டனின் 1872-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நம் விவசாயிகளுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். குடிபோதையில் வண்டி, குதிரை மட்டுமல்ல, மாடு ஓட்டிக்கொண்டு சாலையில் போனாலும் குற்றம் என்கிறது அது!

அதிகாலைக் கணக்கு

சந்தைக்கு வரும் விவசாயிகள் பலர், 'குடிச்சது நேத்து ராத்திரி, இப்ப தெளிஞ்சுபோச்சு' என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள்.

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் இதைக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் வரை ஏறலாம். ஈரல் அதைக் கரைக்கும் வேகம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம். இரவு 9 மணிக்குக் குடித்தவருக்கு, அதிகாலை 4 மணிக்கு 105 குறைந்திருக்கும். மீதி 45. சட்டம் அனுமதிப்பது 30. சந்தைக்குத் தக்காளிக் கூடையை ஏற்றிக்கொண்டு மொபட்டை எடுக்கும் அந்த நேரத்திலும் அவர் சட்டப்படி குடிபோதையில்தான் இருக்கிறார்.

இது தோராயக் கணக்குதான். உடல்வாகு, சாப்பாடு, வயதுக்கு ஏற்ப மாறும். ஆனால் மோர், எலுமிச்சைச் சாறு, கட்டன் காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் ஈரலின் வேகத்தைக் கூட்டாது. தூக்கம் தெளியும், ஆல்கஹால் கரையாது. அதற்கு நேரம் ஒன்றே மருந்து.

சைக்கிளில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. காரிலும் டிராக்டரிலும் வண்டி தானாக நிற்கும். சைக்கிளை நிமிர்த்தி வைத்திருப்பதே ஓட்டுகிறவரின் சமநிலைதான். போதை கெடுப்பதும் அதைத்தான். கேரியரில் மூட்டை இருந்து, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இல்லாமல், லாலி ரோடு தாண்டி வடவள்ளி வரைக்கும் இருட்டில் போகிறவர் ஒரு அடி தடுமாறினால் போதும். அங்கே அபராதம் அல்ல, உயிரே போய்விடும்.

வாசகியின் கேள்விக்கு வருவோம்

உங்கள் கணவர் குடித்திருந்தது உண்மை. ஆனால், பின்னாலிருந்து வந்து இடித்தது வேன். விபத்துக்குக் காரணம் யாருடைய கவனக்குறைவு என்பதுதான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்க்கும் கேள்வி. சாலையின் ஓரமாக நேராகப் போனவரை வேன் இடித்திருந்தால், வாயில் மது வாடை இருந்தது என்பது மட்டும் வேன் ஓட்டுநரைக் காப்பாற்றாது. வாடை, தள்ளாட்டம் போன்ற அடையாளங்களை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு கட்டிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதேசமயம் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. அவர் போதையில் தடுமாறி நடுச்சாலைக்கு வந்தார் என்று சாட்சிகளோடு நிரூபித்துவிட்டால், விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் முடிவு செய்யலாம். அப்போது அந்தப் பங்குக்குத் தக்கபடி இழப்பீடு குறையும். உதாரணமாக, இழப்பீடு 5 லட்சம் என்று கணக்கிட்டு, அவருடைய பங்கு 20 சதவிகிதம் என்று முடிவானால், 4 லட்சம் கிடைக்கும். குறையும் என்பது வேறு, கிடைக்கவே கிடைக்காது என்பது வேறு. இருபதாயிரத்துக்குக் கையெழுத்துக் கேட்பவர்கள், இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது என்று நம்பித்தான் கேட்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. வேன் ஓட்டுநர்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பலாம். மாநகர எல்லை என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

2. ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கீரை விற்று வரும் வருமானத்துக்கு நோட்டில் எழுதிய கணக்கு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

3. இடம் மாறிக் கிடக்கும் சைக்கிள், உடைந்த பின்சக்கரம் ஆகியவற்றின் போட்டோ இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். பின்னாலிருந்து இடித்ததற்கு அதுவே சாட்சி. சைக்கிளையும் உடனே ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள்.

4. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம்.

5. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

'இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லை. என்ன செய்வது?'

அடையாளம் தெரியாத வாகனம் மோதினால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் திட்டத்தில், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. எஃப்.ஐ.ஆர் நகலோடு வருவாய்த்துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சைக்கிளில் சென்றவருக்கும் நடந்து சென்றவருக்கும் இது பொருந்தும்.

'குடித்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்களா?'

சேர்ப்பார்கள். பயந்துகொண்டு வீட்டுக்குத் தூக்கிப்போய், மறுநாள் காலை வரை வைத்திருப்பதுதான் பெரிய தவறு. தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரை, 'போதையில் தூங்குகிறார்' என்று விட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

'டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. டிரைவர் குடித்திருந்தால் கம்பெனி பணம் கொடுக்குமா?'

டிராக்டருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொதுவாகக் கொடுக்காது. குடித்துவிட்டு ஓட்டினால் பொறுப்பில்லை என்பது பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. ஊதும் சோதனை செய்யவில்லை என்றாலும், சூழ்நிலைகளை வைத்து கம்பெனி மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கம்பெனி கொடுக்க நேர்ந்தாலும், அதைத் திருப்பி வசூலிக்க டிராக்டர் உரிமையாளரிடமே வரலாம். அப்போது தோட்டத்துப் பத்திரம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

'கள் குடித்தாலும் கருவி காட்டுமா?'

காட்டும். கருவிக்குப் பிராந்தி, கள் என்ற பாகுபாடு தெரியாது, ஆல்கஹால் மட்டும்தான் தெரியும். அரிஷ்டம் குடித்தவர்கள், குடித்த உடனே வண்டியை எடுக்க வேண்டாம். வாயில் தங்கிய வாடை அடங்கச் சற்று நேரம் விடுங்கள்.

'குடித்துவிட்டோம், சைக்கிள் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?'

ஏறாதீர்கள். தெரிந்த கடையில் பூட்டி வைத்துவிட்டு பஸ் ஏறுங்கள். சைக்கிள் நாளைக்கும் அங்கேயே இருக்கும். குடியை விட வேண்டும் என்று நினைப்பவர்கள் 14446 என்ற இலவச உதவி எண்ணில் பேசலாம். வீட்டுப் பெண்களும் கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக, கடிதம் எழுதிய அந்தச் சகோதரிக்கு... உங்கள் கணவர் குடித்தது அவருடைய தவறு. அதற்கு அவர் காலையே விலையாகக் கொடுத்துவிட்டார். அந்தத் தவறைக் காட்டி, வேன்காரர் தன் தவறை மறைக்கப் பார்க்கிறார். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். 6 மாதக் கெடு முடிவதற்குள் எஃப்.ஐ.ஆர் நகலோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்விட்டு வாருங்கள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும், சைக்கிளின் பின்பக்கம் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரை மாட்டிக் கொடுங்கள். கூடவே, 14446 என்ற எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.